வெளிநாட்டில் ஆசிரியப் பணி: தபாலில் விண்ணப்பிப்போர் கவனிக்க வேண்டியவை

தங்கவயல் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் போதல் புதிய செய்தியன்று. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார்ச் சுரங்கங்களில் கால்வைத்த பின்னர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து மேஸ்திரியின் சொல்லை நம்பி மூட்டை கட்டி வந்தவர்களின் வழித்தோன்றல்களே நம்மிற் பெரும்பாலோர். அவர்களிடம் விசா கேட்பாருமில்லை, பட்டம் கேட்பாருமில்லை. உடல் வலிமையே அவர்கள் கொண்டுவந்த சான்றிதழ்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புவது ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கையாயிற்று. சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்கள் தம் மக்களைப் படிக்க வைத்தார்கள். அவ்வாறு படித்தவர்களுள் ஆசிரியப் பயிற்சி பெற்றோர் ஏராளம். தனியார் பள்ளிகளில் கிடைக்கும் சொற்பச் சம்பளத்தில் குடும்பம் நடத்த இயலாமல், அவர்களுட் பலர் இன்று கடல் கடந்த நாடுகளின் பள்ளிகளை நோக்கி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்காக நகையை அடகு வைக்கத் துணியும் பெற்றோருக்கும் பயன்படுமாறு சில செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மூன்று அனுமதிகள்

வெளிநாட்டில் கற்பிக்க விரும்புவோர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒரு நாட்டுக்குள் நுழைய அனுமதி வேறு. அந்நாட்டில் ஊதியம் பெற்று வேலை செய்ய அனுமதி வேறு. அங்குள்ள வகுப்பறையில் தகுதி பெற்ற ஆசிரியராக நின்று கற்பிக்க அனுமதி வேறு. முதல் அனுமதியைத் தூதரகம் தருகிறது. இரண்டாவது, வேலைக்கு எடுப்பவரும் அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையும் சேர்ந்து தருவது. மூன்றாவதைத் தருவது அந்நாட்டின் கல்வித் துறை. ஒன்றைப் பெற்றதனாலேயே மற்றொன்று கிடைத்துவிட்டதாகப் பொருளாகாது.

நம்மவர்கள் பெரும்பாலும் விசாவைப் பற்றியே கவலை கொள்கிறார்கள். "விசா வந்துவிட்டதா?" என்பதே உறவினரும் அயலாரும் கேட்கும் கேள்வி. "நம் பட்டத்தை அந்த ஊர்க் கல்வித் துறை ஏற்குமா?" என்று கேட்பவர் அரியர். ஆனால் ஆசிரியரைப் பொறுத்தவரை இந்தக் கடைசிக் கேள்வியே முதலில் கேட்கப்பட வேண்டியது. இதற்குப் பழைய வரலாற்றிலேயே தக்க சான்று இருக்கிறது.

வவுச்சர் கற்பித்த பாடம்

பிரிட்டனில் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் 1962-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, அங்கே வேலை செய்யச் செல்லும் காமன்வெல்த் நாட்டார் அந்நாட்டுத் தொழில் அமைச்சகம் வழங்கும் வவுச்சரைப் பெற வேண்டியவரானார்கள். வவுச்சர் மூன்று வகைப்பட்டது. குறிப்பிட்ட முதலாளியிடம் குறிப்பிட்ட வேலை உறுதியானவர்களுக்கு 'ஏ' வகை. பயனுள்ள பயிற்சியோ படிப்போ உடையவர்களுக்கு 'பி' வகை. ஏனையோருக்கு 'சி' வகை. ஆசிரியர்கள் 'பி' வகையில் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. வேலை உறுதியாகாமலே, படிப்பின் பலத்தில் மட்டும் கப்பலேற அது வழி செய்தது.

விளைவு யாதாயிற்று? இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வவுச்சருடன் சென்ற பட்டதாரி ஆசிரியர் பலருக்கு அங்கே பள்ளிக் கதவு திறக்கவில்லை. சிலருடைய பயிற்சியை அந்நாட்டுக் கல்வித் துறை ஏற்கவில்லை. சிலருடைய ஆங்கில உச்சரிப்பு மாணவர்க்கு விளங்காது என்று நிராகரிக்கப்பட்டது. நிறபேதமும் தன் பங்கைச் செய்தது. சாக்குக்கட்டியைப் பிடித்த கைகள் தொழிற்சாலை இயந்திரங்களையும் பஸ் டிக்கெட்டுகளையும் பிடித்தன. நாட்டுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதி இருந்தது. வேலை செய்யவும் அனுமதி இருந்தது. கற்பிக்க மட்டும் இல்லை.

இத்துன்பம் இந்தியர்க்கு மட்டும் உரியதன்று. வவுச்சருக்கு முன்பும் இருந்தது. பிரிட்டிஷ் கயானாவில் பயிற்சி பெற்று ஆசிரியையாயிருந்த பெரில் கில்ராய் என்னும் அம்மையார் 1950-களின் தொடக்கத்தில் இலண்டனுக்குச் சென்றார். பள்ளி வேலை கிடைக்காமல் எழுத்தர் பணி, பாத்திரம் கழுவும் பணி, வீட்டுப் பணிப்பெண் வேலை எனப் பலவும் செய்தார். விடாமுயற்சியினால் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்து, 1969-ஆம் ஆண்டில் வட இலண்டன் பள்ளியொன்றின் தலைமை ஆசிரியையானார். தம் அனுபவங்களை 1976-ஆம் ஆண்டில் 'பிளாக் டீச்சர்' என்னும் நூலாகவும் வெளியிட்டார். அவருக்கு வாய்த்த முடிவு எல்லார்க்கும் வாய்க்கவில்லை.

1965-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. 'சி' வகை அடியோடு நீக்கப்பட்டது. ஆண்டுக்கு 8,500 வவுச்சர்களே தரப்படும் என்றும், அவற்றுள் 1,000 மால்ட்டா நாட்டுக்கு என்றும் வரையறுக்கப்பட்டது. 'பி' வகையில் ஆசிரியர் என்ற சொல்லோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: பிரிட்டனில் தகுதி பெற்ற ஆசிரியராக ஏற்கப்படக்கூடியவராக அவர் இருத்தல் வேண்டும். தகுதி முதலில், நுழைவு பின்னர் என்னும் வரிசை இவ்வாறு சட்டத்தின் பக்கமிருந்தே வந்தது. 1973-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வவுச்சர் முறையும் போய், வேலை அனுமதி முறை வந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவத்தையும் குறிப்பிட வேண்டும். 1950-களிலும் 1960-களிலும் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியின் அரசாங்கம் இந்திய ஆசிரியர்களைத் தன் பள்ளிகளுக்குத் திரளாக அழைத்துக்கொண்டது. 1976-ஆம் ஆண்டில் நைஜீரியா எல்லார்க்கும் தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளைப் பெருக்கியபோது அங்கும் இந்திய ஆசிரியர் பலர் சென்றனர். அங்கெல்லாம் அரசாங்கமே ஆசிரியரைத் தேடியது. பட்டத்தைப் பார்த்து ஒப்பந்தம் செய்தது. அதன் பின்னரே பயணம். ஊதியமும் வசதியும் எவ்வாறிருப்பினும், போய்ச் சேர்ந்தவர் வகுப்பறையைத் தேடி அலையும் நிலை இல்லை.

முதல் கடிதம் யாருக்கு?

ஆகவே விண்ணப்பதாரர் எழுத வேண்டிய முதல் கடிதம் தூதரகத்துக்கு அன்று, ஏஜெண்டுக்கு அன்று, தாம் செல்ல விரும்பும் நாட்டின் ஆசிரியத் தகுதியைத் தீர்மானிக்கும் அலுவலகத்துக்கே. தம் பட்டம் யாது, பயிற்சி யாது, எந்தப் பாடத்தை எந்த வயது மாணவர்க்கு எத்தனை ஆண்டுகள் கற்பித்தார் என்பவற்றை எழுதி, இத்தகுதி ஏற்கப்படுமா என்று கேட்க வேண்டும். இதற்குச் செலவு மிகச் சிறிது. வரும் பதிலின் மதிப்போ மிகப் பெரிது.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அந்நாட்டுக் கல்வித் துறை, இந்தியா உட்படச் சில நாடுகளின் ஆசிரியர்கள் தகுதி பெற்ற ஆசிரியர் என்னும் நிலைக்கு இங்கிருந்தே நேரடியாக விண்ணப்பிக்க வழி செய்தது. இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் தொடக்கத்தில் இந்தியர்க்கு விதித்த வரம்பைக் கவனிக்க வேண்டும். கணிதம், விஞ்ஞானம், மொழிகள் ஆகியவற்றை 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்க்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கே அது திறந்திருந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், "இங்கிலாந்தில் ஆசிரியர் தேவையாம்" என்ற பொதுச் செய்தியை மட்டும் நம்பிப் பணம் கட்டியிருந்தால் அவர் நிலை யாதாகியிருக்கும்? இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுவன. சென்ற ஆண்டு சென்றவர் சொல்வது இவ்வாண்டுக்குப் பொருந்தாது. விண்ணப்பிக்கும் நாளன்று அந்தத் துறை அறிவித்திருப்பதையே படித்துப் பார்த்தல் வேண்டும்.

தங்கவயலார்க்கு உள்ள தனித் தொல்லைகள்

இரண்டு மாநிலங்களின் எல்லையில் வாழும் நமக்குச் சான்றிதழ் விஷயத்தில் சில தனிச் சிக்கல்கள் உள்ளன. நம் பிள்ளைகளுட் பலர் பள்ளிப் படிப்பைக் கர்நாடகத்திலும், கல்லூரிப் படிப்பைத் தமிழ்நாட்டிலும் முடித்தவர்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் கல்விச் சான்றிதழைப் பொதுவாக முதலில் அதை வழங்கிய மாநிலத்தின் அரசுத் துறை சரிபார்த்து முத்திரை இடவேண்டும். அதன் பின்னரே மத்திய வெளியுறவு அமைச்சகம் முத்திரை இடும். எனவே ஒரே ஆசிரியரின் ஒரு சான்றிதழ் பெங்களூருக்கும் மற்றொன்று சென்னைக்கும் போகவேண்டி வரும். இதற்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். வேலை உத்தரவு வந்த பின் இதைத் தொடங்குவோர் தவித்துப் போவர்.

வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை இருவகை. 1961-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' என்னும் ஒரே முத்திரை போதும். இந்தியாவில் இவ்வுடன்படிக்கை 2005-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. சவூதி அரேபியா 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்குள் வந்தது; ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்னரே சேர்ந்தவை. உடன்படிக்கையில் சேராத நாடாயின், அமைச்சக முத்திரைக்குப் பின் அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். 2012-ஆம் ஆண்டு முதல் அமைச்சகம் தனி மனிதரிடமிருந்து சான்றிதழ்களை நேரே வாங்குவதில்லை. அது நியமித்துள்ள நிறுவனங்களின் வாயிலாகவே கொடுக்க வேண்டும். அந்நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல் அமைச்சகத்திடம் உண்டு. கடைத்தெருவில் பலகை மாட்டியவரெல்லாம் அப்பட்டியலில் உள்ளவரல்லர்.

அடுத்தது பெயர்த் தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் எழுதும் வழக்கமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பள்ளிச் சான்றிதழில் 'கே. சுப்பிரமணி', பட்டத்தில் 'சுப்பிரமணியன் கே.', பாஸ்போர்ட்டில் 'குப்புசாமி சுப்பிரமணி' என்றிருந்தால், மூன்றும் ஒரே மனிதர் என்பதை நாம் அறிவோம். கடல் கடந்த அலுவலகத்தில் இருப்பவர் அறியார். இலட்சுமி என்னும் பெயரை ஆங்கிலத்தில் ஒரு குமாஸ்தா 'எக்ஸ்' எழுத்திட்டு எழுதுவார். மற்றொரு குமாஸ்தா 'கே-எஸ்-எச்' என எழுதுவார். மணமான பெண்ணாயின் தந்தை பெயர் ஓரிடத்தும் கணவர் பெயர் ஓரிடத்தும் நிற்கும். இவையெல்லாம் ஒருவரையே குறிப்பன என்று நோட்டரி முன்னிலையில் பிரமாண வாக்குமூலம் எழுதி வைத்துக்கொள்வது நன்று. வேறுபாடு பெரிதாயின் பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடுதலே உறுதியான வழி. எல்லாவற்றிலும் சிறந்தது, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெறும் வயதிலேயே பெற்றோர் எழுத்துப் பிழையைக் கவனித்துத் திருத்திவிடுவது. அன்று ஒரு மனுவோடு தீர்வது பின்னாளில் ஓராண்டு அலைச்சலாகும்.

பழைய பிறப்புப் பதிவுகள் பல கன்னடத்தில் மட்டும் உள்ளன. அவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டியிருக்கும். தபால்வழிக் கல்வியில் பட்டம் பெற்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில நாடுகள் தபால்வழிப் பட்டத்தை ஆசிரியப் பணிக்கு ஏற்பதில்லை. பயின்ற முறையைப் பல்கலைக்கழகமே எழுதித் தரவேண்டும் எனக் கேட்கும் நாடுகளும் உள்ளன. வேலைக்குப் போய்க்கொண்டே படித்து முன்னேறிய நம்மவர்க்கு இது வருத்தம் தரும் விதியே. ஆயினும் பணம் கட்டுமுன் அதை அறிந்துகொள்வது, கட்டிய பின் அறிவதைவிட மேலானது.

அனுபவச் சான்றிதழும் எளிதன்று. வெளிநாட்டார் அதைப் படித்ததோடு நில்லாமல், கொடுத்த பள்ளிக்கே எழுதிக் கேட்பார்கள். பள்ளி மூடப்பட்டிருந்தாலோ, தலைமையாசிரியர் மாறியிருந்தாலோ பதில் போகாது. ஆகையால் ஒரு பள்ளியை விட்டு விலகும் நாளிலேயே, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கற்பித்த பாடம், வகுப்பு ஆகியவை குறித்த சான்றிதழை முத்திரையோடு பெற்று வைத்தல் வேண்டும்.

தபாலில் அனுப்பும் முறை

இன்று பெரும்பாலான விண்ணப்பங்கள் மின்வழியே செல்கின்றன. பிரிட்டன் முதலிய பல நாடுகளின் விசாவுக்கு விரல்ரேகை பதிய நேரில் செல்ல வேண்டியும் இருக்கிறது. ஆயினும் தபாலின் வேலை ஒழிந்துவிடவில்லை. சான்றிதழ்கள் பல்கலைக்கழகத்துக்குப் போவதும், முத்திரை பெற்று வருவதும், பாஸ்போர்ட் வீடு வந்து சேர்வதும் தபாலிலோ கூரியரிலோதான்.

மூலச் சான்றிதழை விதி கட்டாயமாகக் கேட்டாலன்றி அனுப்பலாகாது. அனுப்பித்தான் ஆகவேண்டுமெனில், ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, உறைக்குள் என்னென்ன உள்ளன என்ற பட்டியலை மேலே வைத்து, அதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுத் தபால் 2025-ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைக் காரியம் முடியும்வரை பத்திரப்படுத்த வேண்டும். திரும்பி வரவேண்டிய முகவரியில் பின்கோடும் தொலைபேசி எண்ணும் தெளிவாயிருத்தல் வேண்டும். பகலில் வீடு பூட்டியிருக்கும் குடும்பமாயின், தபால்காரரிடம் முன்னரே சொல்லி வைப்பது நலம். பெங்களூர் ரயிலுக்கு விடியுமுன் கிளம்பிவிடும் வீடுகளில் இது சிறு விஷயமன்று.

வேலை கொடுப்பவர் அனுப்பும் தாளிலும் உண்மை பொய் அறிய வழியுண்டு. பிரிட்டிஷ் விசாவுக்கு வேண்டிய ஆதரவுச் சான்றிதழ் என்பது உண்மையில் தாளே அன்று. வேலை கொடுப்பவர் அரசாங்கக் கணினியில் பதிவு செய்யும் ஓர் எண். அவ்வெண் கிடைத்த மூன்று மாதங்களுக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆதரவு தர உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அந்நாட்டரசு எல்லாரும் காண வெளியிட்டிருக்கிறது. பளபளப்பான அட்டையில் அரச முத்திரையோடு ஒரு சான்றிதழை நீட்டிப் பணம் கேட்பவரைக் கண்டால் ஐயுற வேண்டும். ஜப்பானில் முறை வேறு. அங்கே பள்ளி அந்நாட்டுக் குடிநுழைவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழ் பெற்று நமக்கு அனுப்பும். முன்னர் அது தபாலில் மட்டுமே வந்தது. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மின்னஞ்சலிலும் வருகிறது. இரு நாட்டு முறைகளுக்கும் பொதுவான உண்மை ஒன்று: முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர் வேலை கொடுப்பவரே. அவர் அசையாதிருக்க, "நாங்கள் விசா வாங்கித் தருகிறோம்" என்று மூன்றாமவர் சொன்னால் அதில் பொருளில்லை.

ஏஜெண்டும் சட்டமும்

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசின் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவின்றி ஆள் சேர்ப்பது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே வாங்கலாம், ரசீது தரவேண்டும். இலட்சக்கணக்கில் கேட்பவர் சட்டத்துக்குப் புறம்பாகவே கேட்கிறார். பாஸ்போர்ட்டைப் பிணையாகப் பிடித்து வைப்பவருக்கும் அவ்வுரிமை இல்லை. பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் உடைமை எனச் சட்டமே கூறுகிறது.

படித்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்று எண்ணுதல் தவறு. 2007-ஆம் ஆண்டு தொடங்கி அமெரிக்காவின் லூயிசியானா மாநிலப் பள்ளிகளுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 350-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். விசா உண்மையானது, பள்ளியும் உண்மையானது. ஆனால் ஆள் சேர்த்த நிறுவனம் ஒவ்வொருவரிடமும் சுமார் 16,000 டாலர் வரை கறந்தது. கடன் வாங்கிக் கொடுத்தவர்கள், பின்வாங்க வழியின்றி அந்நிறுவனம் சொன்னபடியெல்லாம் கையெழுத்திட்டார்கள். ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து 2010-ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். 2012-ஆம் ஆண்டு டிசம்பரில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்ற ஜூரியார் அவர்களுக்கு 45 இலட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தனர். நியாயம் கிடைத்தது உண்மையே. ஆயினும் அதற்கு ஐந்தாண்டுகள் சென்றன.

ஒப்பந்தமும் குடும்பமும்

வேலை உத்தரவு வந்ததும் மகிழ்ச்சியில் கையெழுத்திடாமல், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். சம்பளம் எந்த நாணயத்தில்? கோடை விடுமுறை மாதங்களுக்கும் உண்டா? வீட்டு வாடகை யாருடையது? திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது? தகுதிகாண் காலத்தில் நீக்கினால் என்ன நேரும்? மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாமா? எத்தனை ஆண்டுகள் இருக்கலாம்? அமெரிக்காவின் பரிமாற்ற ஆசிரியர் திட்டத்தில், குறைந்தது இரண்டாண்டு அனுபவமுடையவர் மூன்றாண்டுகள் பணிபுரியலாம். அதற்கு மேல் ஓரிரு ஆண்டுகள் நீட்டிப்பு உண்டு. பின்னர் திரும்பியே ஆகவேண்டும். அங்கேயே குடியேறலாம் என்று எண்ணி வீட்டை விற்றுச் செல்பவருக்கு இத்திட்டம் பொருந்தாது. மூன்றாண்டுச் சம்பளத்தில் கடனை அடைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்க எண்ணுபவருக்குப் பொருந்தும். திட்டத்தில் குற்றமில்லை, நம் நோக்கத்தோடு அது ஒத்துவருகிறதா என்பதே கேள்வி.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பித்தவர் மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்கும்போது, "இன்னுமா வரவில்லை?" என்று நாள்தோறும் கேட்பது அவரை அவசரத்துக்குத் தள்ளும். அவசரப்படுபவரே குறுக்கு வழி காட்டுபவரிடம் சிக்குகிறார். உள்ளூர் வேலையைப் பயண நாள் உறுதியாகும்வரை விடவேண்டாம். நகையை அடகு வைப்பதாயின், கல்வித் துறையின் ஏற்பும், பள்ளியின் ஒப்பந்தமும், விசாவும் ஆகிய மூன்றும் கைக்கு வந்த பின்னர்ப் பயணச் சீட்டுக்காக வைக்கலாம்; அதற்கு முன் வேண்டாம்.

சுரங்கத்தில் இறங்கிய நம் முன்னோர், மேலே முட்டுக்கட்டை உறுதியாக நிற்கிறதா என்று தட்டிப் பார்த்த பின்னரே பாறையைத் தொடுவார்கள். கடல் கடந்து கற்பிக்கப் புறப்படும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் அவ்வளவு கவனம் வேண்டும் என்பதே நம் விருப்பம். தகுதியைக் கேட்டு எழுதும் முதல் கடிதத்தை இவ்வாரமே எழுதித் தபாலில் சேர்க்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எழுதத் தயங்குவோர் சங்கத்தில் ஆங்கிலம் அறிந்த மூத்தோர் ஒருவரை அணுகுவார்களாக.